திரும்பும் மூட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மடங்கி நீளும் மூட்டுகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, திரும்புகிற மூட்டுகள் எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன என்று கேட்டுச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சில கடிதங்களில் குடும்பத்தினரின் நோய் விவரங்கள் இருப்பதால் கேட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். தோள் மூட்டு எல்லாத் திசைகளிலும் சுழலும் என்று ஆசிரியர் சொன்னார். சேப்பாக்கத்தில் வேகப்பந்து வீச்சாளரின் கை முழு வட்டம் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் சக்கரத்தைப் போல நிற்காமல் சுழலக்கூடிய மூட்டு நம் உடலில் உண்டா?
(மாணவர், பெரம்பூர்)

பதில்: இல்லை. நம் உடலில் மட்டுமல்ல, எலும்புள்ள எந்த விலங்கின் உடலிலும் இல்லை.

பந்து வீச்சாளரின் கை வட்டம் அடிப்பது உண்மைதான். ஆனால் அந்த வட்டத்தை வரைவது அவருடைய கைமணிக்கட்டே தவிர, மேற்கை எலும்பு தன் அச்சில் சுற்றுவதில்லை. தோளை முனையாகவும் உள்ளங்கையின் பாதையை விளிம்பாகவும் கொண்ட ஒரு கூம்பைக் கை காற்றில் வரைகிறது. ஒவ்வொரு வட்டம் முடியும்போதும் எலும்பு தொடங்கிய நிலைக்கே வந்துவிடுவதால், நாள் முழுவதும் பந்து வீசினாலும் தோளுக்குள் எதுவும் முறுக்கிக்கொள்வதில்லை. உண்மையான திருப்பம் என்பது வேறு. முழங்கையை மடக்கி, மேற்கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு, முன்கையை மேலே வானத்தை நோக்கியும் பிறகு கீழே தரையை நோக்கியும் கொண்டு சென்று பாருங்கள். இப்போது மேற்கை எலும்பு தன் நீள அச்சிலேயே திரும்புகிறது. அதன் எல்லை ஏறத்தாழ அரைவட்டம்தான். உடலிலேயே மிக அதிகச் சுதந்திரம் பெற்ற மூட்டுக்கு இதுதான் நிலை என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முழுவட்டம் ஏன் முடியாது என்பதற்கான விடை எலும்பில் இல்லை; மூட்டைக் கடந்து செல்பவற்றில் இருக்கிறது. அக்குள் வழியாகக் கைக்குச் செல்லும் தமனியும் திரும்பி வரும் சிரையும் விரல் நுனிவரை ஓடும் நரம்புகளும் அறுபடாத குழாய்களாகவும் இழைகளாகவும் இருந்தாக வேண்டும். சக்கரம் சுழல வேண்டுமானால் அது அச்சாணியிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். உயிருள்ள எலும்போ இரத்தம் இல்லாமல் பிழைக்காது. ஆகவே உடலில் உள்ள ஒவ்வொரு திரும்பும் மூட்டும் ஓரளவு திரும்பி, நின்று, மீண்டும் பழைய இடத்துக்கே வரும்படி அமைந்திருக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதை எலும்பின் வடிவமும், நாம் பேச்சுவழக்கில் ஜவ்வு என்று சொல்கிற தசைநார்களும், சுற்றியுள்ள தசைகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரு மூட்டில் திருப்பம் போதவில்லை என்றால் அடுத்த மூட்டு அதை ஈடுகட்ட முயல்கிறது. இந்த மாதக் கடிதங்களில் பாதி அப்படி ஈடுகட்டப் போன மூட்டின் வலியைப் பற்றியவைதான்.

நீங்கள் உயிரியல் மாணவர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். மூட்டுகளில் இல்லாத அந்த முழுச்சுழற்சி உங்கள் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்துள்ள ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரத மூலக்கூறின் நடுத்தண்டு உண்மையாகவே சுற்றிச் சுற்றி வருகிறது; ஒரு சுற்றுக்கு, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் மூன்று உருவாகின்றன. இதன் செயல்முறையை விளக்கியதற்காகப் பால் பாயர், ஜான் வாக்கர் ஆகிய இருவருக்கும் 1997-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவும் வால் போன்ற தன் கசையிழையைச் சுழற்றித்தான் நீந்துகிறது என்பது 1973-இல் நிறுவப்பட்டது. அந்த அளவில் இரத்தக்குழாயும் நரம்பும் தேவையில்லை; எனவே சக்கரத்துக்குத் தடையும் இல்லை.

கேள்வி: என் கணவர் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் சொடக்கு எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் கழுத்துப் பிடிப்பு விட்டது என்று அவருக்கு நிறைவு. எனக்கோ பயமாக இருக்கிறது. கழுத்துக்குள் என்னதான் நடக்கிறது?
(வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. கழுத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் உங்கள் கணவரும் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

மண்டையோட்டை நேரடியாகத் தாங்குவது அட்லஸ் எனப்படும் முதல் கழுத்து முள்ளெலும்பு. மற்ற முள்ளெலும்புகளுக்கு முன்புறத்தில் பருமனான ஓர் உடற்பகுதி உண்டு. அட்லஸுக்கு அது இல்லை, அது வெறும் வளையம். கருவில் இருக்கும்போது அட்லஸுக்கு உரியதாக இருந்த அந்தப் பகுதி, கீழே உள்ள ஆக்சிஸ் என்ற இரண்டாம் முள்ளெலும்போடு ஒட்டிக்கொண்டு, மேல்நோக்கி நிற்கும் ஒரு முளையாகிவிடுகிறது. வளையத்தின் முன்பகுதிக்குள் அந்த முளை நிற்க, அதன் பின்புறமாக ஒரு குறுக்குத் தசைநார் பட்டையாக ஓடி அதை இடம் பெயராமல் பிடித்துக்கொள்கிறது. நாம் 'இல்லை' என்று தலையை ஆட்டும்போது மண்டையோடும் அட்லஸும் ஒன்றாகச் சேர்ந்து இந்த முளையைச் சுற்றித் திரும்புகின்றன. 'ஆமாம்' என்று தலையை முன்னும் பின்னும் அசைப்பது அதற்கு மேலே, மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையே நடக்கிற வேலை.

இளம் வயதினர் ஒருவர் தலையை ஒருபுறம் ஏறத்தாழ 80 பாகை வரை திருப்ப முடியும். அதில் சரிபாதி இந்த ஒரே இணைப்பில் கிடைக்கிறது. மீதியை அதற்குக் கீழே உள்ள கழுத்தெலும்புகள் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவ்வளவு திருப்பம் வேண்டும் என்பதால்தான் அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் இடையே மற்ற இடங்களில் உள்ளது போன்ற வட்டத்தட்டு இல்லை. வளையத்தின் உள்விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முளையும், ஒரு பங்கைத் தண்டுவடமும் எடுத்துக்கொள்ள, மீதமுள்ள ஒரு பங்கு காலியிடமாக இருக்கிறது. பாதுகாப்புக்கென்று நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு பங்குதான்.

இனி அந்தச் சத்தம். மூட்டுகளுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மூட்டுப் பரப்புகளைச் சட்டென்று பிரித்தால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி தோன்றுகிறது. 'டக்' என்ற ஒலி அதனோடு சேர்ந்து எழுகிறது. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டு சொடுக்கப்படுவதை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். எலும்பு இடத்துக்கு வந்து அமர்ந்ததற்கோ, பிடித்த நரம்பு விட்டதற்கோ அந்த ஒலி சான்றாகாது. சொடக்குக்குப் பின் சற்று நேரம் தசைகள் தளர்ந்து இதமாக இருப்பது உண்மை. அந்த இதத்துக்காகத்தான் மீண்டும் மீண்டும் கேட்கத் தோன்றுகிறது. விரல்களைச் சொடுக்குவதால் கேடு இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இடக்கை விரல்களை மட்டும் சொடுக்கி, வலக்கையை விட்டுவைத்து, இரண்டுக்கும் மூட்டுவாதத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டார். அதற்காக 2009-இல் வேடிக்கைப் பரிசான இக் நோபலும் பெற்றார்.

கழுத்து விரல் அல்ல. கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டு நீட்சிகளில் உள்ள துளைகளின் வழியாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. ஆறாம் முள்ளெலும்பில் நுழைந்து மேலே வரும் ஒவ்வொரு தமனியும், அட்லஸைக் கடந்ததும் அதன் மேற்புறமாகப் பின்னால் வளைந்து மண்டையோட்டுக்குள் செல்கிறது. தலை ஒருபுறம் திரும்பும்போது எதிர்ப்புறத் தமனி இந்த வளைவில் இழுபடுகிறது. நாமே மெதுவாகத் திருப்பும்போது தசைகளும் நார்களும் எல்லையை உணர்த்தி நிறுத்திவிடும். பிறர் கை எதிர்பாராத வேகத்தில் திருப்பும்போது அந்த எச்சரிக்கைக்கு நேரம் இருப்பதில்லை. தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இது அரிது, ஆனால் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. திருப்புவதால் மட்டும் அல்ல, கழுத்தை வெகுநேரம் பின்னால் சாய்த்து வைப்பதாலும் இது நேரலாம். தலை அலசும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்திருந்த பெண்களுக்கு நேர்ந்ததை 1993-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் 'பியூட்டி பார்லர் பக்கவாதம்' என்ற பெயரில் எழுதினார்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்கள் கழுத்தில் சொடக்கு எடுக்கவே கூடாது. முளையைப் பிடித்திருக்கும் குறுக்குத் தசைநாரை அந்த நோய் நலிவடையச் செய்துவிடும். மற்றவர்களுக்கும் என் பரிந்துரை ஒன்றுதான்: தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டிவிடட்டும், தோளைப் பிடித்துவிடட்டும், கழுத்தை மட்டும் யாரும் திருப்ப வேண்டாம். சொடக்கு எடுத்த அன்றோ அடுத்த சில நாள்களிலோ இதுவரை இல்லாத கழுத்துவலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் எது வந்தாலும் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆந்தை மட்டும் எப்படித் தலையைப் பின்பக்கம் வரை திருப்புகிறது?
(ஏழாம் வகுப்பு மாணவி, அடையாறு)

பதில்: நமக்குக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், ஆந்தைக்கு 14. அதனால் ஒருபுறமாக 270 பாகை வரை அதனால் திரும்ப முடிகிறது. மேலே சொன்ன தமனி ஆபத்து அதற்கு ஏன் வருவதில்லை என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2013-இல் விடை சொன்னார்கள்: ஆந்தையின் கழுத்தெலும்புத் துளைகள் அவற்றினூடே செல்லும் தமனியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அகலமானவை. நம் துளைகளில் அந்த இடத்தாராளம் இல்லை. ஆந்தையின் கண்கள் குழிக்குள் அசையாமல் பொருந்தியிருப்பதால், பக்கவாட்டில் பார்க்க அது தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்தியை மின்சார ரயிலில் ஏற்றும்போது கையைப் பிடித்துத் தூக்கினேன். உடனே வீறிட்டு அழுதவள், அதன் பிறகு அந்தக் கையை அசைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் 'கை இறங்கிவிட்டது' என்றார்கள். குழந்தை மருத்துவர் கையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். ஐந்து நிமிடத்தில் அதே கையால் பிஸ்கெட் வாங்கித் தின்றாள். எது இறங்கியது, எது ஏறியது?
(பாட்டி, தாம்பரம்)

பதில்: முதலில் முன்கை எவ்வாறு திரும்புகிறது என்பதை உங்கள் கையிலேயே தொட்டுப் பாருங்கள். வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே, மணிக்கட்டு இருக்கும் பக்கமாக, ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அதில் இடது கட்டைவிரலை அழுத்தி வைத்து, வலது உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் ஒரு சிறிய உருண்ட தலை சுற்றுவதை உணர்வீர்கள். அதுதான் ஆர எலும்பின் தலை. இப்போது இடது கையை முழங்கையின் கூர்முனைக்கு மாற்றிக்கொண்டு மீண்டும் திருப்பிப் பாருங்கள்; அந்த முனை அசையாது. அது அல்னா எலும்பு.

முன்கையில் உள்ள இந்த இரண்டு எலும்புகளில் அல்னா நிலையாக நிற்க, ஆர எலும்பு அதைச் சுற்றி வருகிறது. உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்போது இரண்டும் இணையாகக் கிடக்கின்றன. கவிழ்க்கும்போது ஆர எலும்பின் கீழ்ப்பாதி அல்னாவின் குறுக்கே புரண்டு மறுபுறம் போய்விடுகிறது. இலையில் சோற்றைப் பிசைந்து எடுக்கும்போது கை கவிழ்ந்திருக்கிறது, வாய்க்குக் கொண்டுவரும்போது நிமிர்கிறது. ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை முறை இது நடக்கிறது என்று நாம் கவனிப்பதே இல்லை. எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அவர்கள் சோற்றை வாய்க்குக் கொண்டுவர முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்வார்கள். கவிழ்ப்பதற்கு முழங்கையைப் பக்கவாட்டில் தூக்குவார்கள். முன்கை செய்யாத வேலை தோளின் தலையில் விழுகிறது.

ஆர எலும்பின் தலை சுற்றுவதற்கு ஒரு வளையம் வேண்டுமல்லவா? அந்த வளையத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்னாவில் உள்ள ஒரு வழவழப்பான பள்ளம். மீதி நான்கு பங்கும் வளையத் தசைநார். பெரியவர்களுக்கு அது உறுதியாகப் பற்றியிருக்கும். ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு அந்த நார் இன்னும் மெல்லியது, பிடிப்பும் தளர்வானது. கை நீட்டியும் கவிழ்ந்தும் இருக்கும் நிலையில் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினால், ஆர எலும்பின் தலை வளையத்திலிருந்து சற்றே கீழே நழுவ, நாரின் ஒரு பகுதி மூட்டு இடுக்கில் சிக்கிக்கொள்கிறது. இறங்கியது அதுதான். குழந்தை கையைச் சற்று மடித்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடாது. மருத்துவர் முழங்கையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிக் கையை மடக்கும்போதோ, முற்றிலும் கவிழ்த்துத் திருப்பும்போதோ, சிக்கிய நார் விடுபட்டு வளையம் பழைய இடத்தில் அமர்கிறது. அவருடைய கட்டைவிரலுக்கு ஒரு சிறு சொடுக்கு தெரியும். ஐந்து வயதுக்குப் பிறகு நார் தடித்து உறுதிப்பட்டுவிடுவதால் இது அபூர்வமாகிவிடுகிறது.

கை இறங்கினால் வீட்டிலேயே திருப்பிவிடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். இழுத்ததால் வந்ததென்று உறுதியாகத் தெரிந்து, வீக்கமும் இல்லாதபோது மட்டுமே அந்த ஒரு திருப்பு மருந்தாகும். குழந்தை விழுந்திருந்தாலோ முழங்கை வீங்கியிருந்தாலோ மேற்கை எலும்பின் கீழ்முனை முறிந்திருக்கக்கூடும். அந்த நிலையில் திருப்புவது தமனியையும் நரம்பையும் பாதிக்கும். முறிந்த முழங்கைமேல் இறுக்கமாகக் கட்டுப் போடுவதும் அதே அளவு ஆபத்தானது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு முன்கைத் தசைகள் செத்துச் சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் நிலையை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்துவிட்டார். கட்டுப் போட்ட பிறகு குழந்தையின் விரல்கள் வெளுத்தாலோ, விரலை நீட்டிவிட்டால் துடித்து அழுதாலோ அந்தக் கட்டை அப்போதே அவிழ்க்க வேண்டும். இனிமேல் பேத்தியைத் தூக்கும்போது அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்குங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆறு மாதமாக வலது கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. தலை வாரவும் சிரமப்படுகிறேன். கையைத் தூக்கினால் தோளே காதுவரை ஏறிக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
(பள்ளி ஆசிரியை, அம்பத்தூர்)

பதில்: பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சங்கிதை மூட்டுகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது, அவற்றுள் தோள் பக்கத்திலும் இடுப்பிலும் உள்ளவற்றுக்கு உரலின் பெயரைச் சூட்டியிருக்கிறது. இடுப்புக்கு அந்தப் பெயர் முற்றிலும் பொருந்தும். தோளைப் பொறுத்தவரை அது கொஞ்சம் மிகை என்றே நான் நினைக்கிறேன்; மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தோள்பட்டை எலும்பில் உள்ள குழி முழுமையாக ஏந்துவதில்லை. குழி ஆழமில்லாததால்தான் தோளுக்கு இத்தனை சுதந்திரம். அதே காரணத்தால்தான் பெரிய மூட்டுகளில் அதிகமாக விலகுவதும் தோள்தான். தலையைக் குழியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்பும் பொறுப்பு ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளுக்கு உரியது. இவற்றுக்கு உள்ளே, மூட்டைச் சுற்றி ஒரு தளர்வான உறை இருக்கிறது. உங்களுக்கு அந்த உறை தடித்துச் சுருங்கியிருக்கலாம். இதற்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயரைப் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மன் 1934-இல் வைத்தார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரிடம், குறிப்பாகப் பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும், இது அதிகம். உறை எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் படம் சரியாக இருப்பதில் வியப்பில்லை.

முதலில் பறிபோவது வெளிப்புறத் திருப்பம். இரண்டு முழங்கைகளையும் செங்கோணமாக மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்கைகளை மட்டும் வெளிப்பக்கமாக விரித்துக் கண்ணாடியில் பாருங்கள். இடது கை நன்றாக விரிந்து, வலது கை பாதியிலேயே நின்றுவிட்டால், வேறொருவரை விட்டு மெதுவாக விரிக்கச் சொல்லுங்கள். அவராலும் முடியவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் உறையில் இருக்கிறது. நீங்களாக முடியாதது அவர் கொண்டுபோனால் எளிதாகப் போகிறது என்றால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலை வாருவதற்கும் இந்தத் திருப்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை உள்நோக்கி முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் தூக்கினால், நல்ல தோளும் ஏறத்தாழத் தோள் உயரத்தில் முட்டி நின்றுவிடும். கட்டைவிரலை மேலே திருப்பியதும் தடை விலகிக் கை காதுவரை போகும். மேற்கை எலும்பு வெளிப்புறமாகத் திரும்பாமல் கை முழுமையாக உயராது.

கையைத் தலைக்கு மேலே 180 பாகை தூக்கும்போது அதில் சுமார் 120 பாகை தோள் மூட்டிலும், சுமார் 60 பாகை தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் நகர்வதாலும் கிடைக்கிறது. உங்கள் மூட்டு தன் பங்கைத் தராததால் தோள்பட்டை எலும்பு முன்கூட்டியே கிளம்பிவிடுகிறது; தோள் காதுவரை ஏறுவது அதனால்தான். மாலையில் கழுத்தின் பக்கவாட்டில் வலி இருக்குமே? அது நோய் பரவியதால் அல்ல, கூடுதல் வேலையால் வந்த வலி.

இந்த இறுக்கம் பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் தளரும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்றுத் தாமதமாகும். வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் வலுக்கட்டாயமாக இழுத்துப் பயிற்சி செய்வது உறையை மேலும் எரிச்சலூட்டும். மென்மையான அசைவே போதும். மூட்டுக்குள் ஊசி போடும் யோசனை வந்தால், ஸ்டீராய்டு மருந்து சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் மூன்று ஆண்டுகளாகப் பரதம் கற்கிறாள். அரைமண்டியில் முட்டி முன்னால் வருகிறது, நன்றாக உட்கார் என்று டீச்சர் திருத்திக்கொண்டே இருக்கிறார். இப்போது முட்டியின் உட்புறம் வலிக்கிறது என்கிறாள். டிசம்பரில் மேடையேற வேண்டும்.
(தாய், மந்தைவெளி)

பதில்: டீச்சர் சொல்வது சரி, ஆனால் முட்டியைத் திருத்துவதால் அது சரியாகாது, ஏனெனில் முழங்கால்களை வெளிப்பக்கமாக விரித்து மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியின் திருப்பம் முழுவதும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டியது. அங்கே தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கிறது. முன்புறம் உடலிலேயே மிக வலுவான தசைநார் அதைக் காக்கிறது. தொடை எலும்பின் கழுத்து முன்னோக்கி எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். பிறக்கும்போது ஏறத்தாழ 40 பாகையாக இருக்கும் அந்த முறுக்கு வளர வளரக் குறைந்து பெரியவர்களிடம் சுமார் 15 பாகையாகிறது. முறுக்கு அதிகமாக மிஞ்சிய பிள்ளைகளுக்கு இடுப்பு உட்புறமாகத் தாராளமாகவும் வெளிப்புறமாகக் குறைவாகவும் திரும்பும். எந்தப் பயிற்சியும் எலும்பின் அந்த வடிவத்தை மாற்றாது.

மகளைப் பாயில் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து எழவிடாமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பாதத்தை உட்பக்கமாக, மற்றக் காலை நோக்கிச் சாயவிடுங்கள். அப்போது பாதம் உள்ளே போனாலும் தொடை எலும்பு வெளிப்புறமாகவே திரும்புகிறது. அது எவ்வளவு தூரம் போகிறதோ, அதுதான் அவளுக்குரிய வெளித்திருப்பத்தின் எல்லை. அந்த எல்லையைத் தாண்டிப் பாதங்களை விரித்து வைத்தால் மிச்சக் கணக்கை முழங்கால் கட்டுகிறது.

நேராக நிற்கும்போது முழங்கால் திரும்பாது. கால் நீளும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பின் கீழ் சற்றே வெளிப்புறமாகத் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. மீண்டும் மடக்கத் தொடங்கும்போது முழங்காலின் பின்னுள்ள பாப்லிட்டியஸ் என்ற சிறிய தசை பூட்டைத் திறக்கிறது. பூட்டு திறந்து முழங்கால் மடங்கிய நிலையில் கீழ்க்கால் எலும்பு பல பாகை திரும்ப இடம் கிடைத்துவிடுகிறது. அரைமண்டி அந்த நிலைதான். பாதம் வெளியே பார்க்க, தொடை முன்னே பார்க்க, இடையில் முழங்கால் முறுக்கப்பட்டிருக்கும்போது தட்டடவின் ஒவ்வொரு மிதியும் உட்புற ஜவ்வின் மேல் விழுகிறது. உங்கள் மகளுக்கு உட்புறம் வலிப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. அரைமண்டியில் முழங்கால் சில்லின் நடுவிலிருந்து நேர்கீழே பார்த்தால், பாதத்தின் இரண்டாம் விரல் தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கு உட்புறமாகத் தரை தெரிந்தால் பாதங்களைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். கோணம் குறைந்தாலும் தொடையும் பாதமும் ஒரே திசையில் இருக்கும் அரைமண்டி, பார்க்கவும் திருத்தமாகவே இருக்கும். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் வீட்டில் இருந்தால் தொடருங்கள். இருக்கிற வெளித்திருப்பத்தைக் காப்பாற்ற அது நல்ல வழி. வலியோடு வீக்கமோ, முட்டி சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போவதோ இருந்தால் அடவுப் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மேடையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

கேள்வி: எனக்கு 70 வயது. முட்டியைத் திருப்பினால் நறநறவென்று சத்தம் வருகிறது. 'உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது' என்கிறார்கள். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்தால் ஊறுமா?
(வாசகர், குரோம்பேட்டை)

பதில்: ஊறாது, ஐயா. மூட்டுத் திரவத்தை மூட்டு உறையின் உட்சவ்வுதான் சுரக்கிறது. தோலில் தேய்க்கும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. நல்ல முழங்காலில்கூட அந்தத் திரவம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. தேய்ந்த முழங்காலில் அது வற்றுவதைவிட, நீர்த்துப்போய் அளவில் கூடுவதே வழக்கம். முட்டியில் நீர் கோத்துக்கொண்டது என்று சொல்வது அதைத்தான். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது. நடக்கும்போது அது அழுந்தி விடுபடுகிறது. அப்படி விடுபடும்போது திரவத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே முட்டி தேய்ந்துவிடுமோ என்று பயந்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். வலி மிகாத அளவுக்குக் காலையில் நடப்பதே அதற்குச் சாப்பாடு. வலி இல்லாத நறநற சத்தத்துக்கு மருத்துவம் எதுவும் தேவையில்லை.

எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். தசைகளுக்கு இதமாக இருக்கும். ஆனால் எண்ணெய் தேய்த்த காலோடு குளியலறைக்குள் நடக்காதீர்கள். உங்கள் வயதில் வழுக்கி விழுந்தால் முறிவது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்துதான். ஒரு நாற்காலியைக் குளியலறைக்குள்ளேயே போட்டு, உட்கார்ந்தபடி தேய்த்துக்கொண்டு, சீயக்காய் போட்டுக் கால்களைக் கழுவிய பிறகு எழுந்திருங்கள்.